ரோடு தெறந்துட்டாகளா?

என் மதினிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது என் அம்மாதான். அதனால் மார்க்கையன்கோட்டையில் நாங்கள் பேசுகிற பேச்சு அப்படியே அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. மரியாதைக்குரியவர்களைச் சொல்லும்போது வந்தாக, போனாக என்று சொல்ல வேண்டும் என அம்மா சொன்னதை அவள் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டாள். பனிக்கும் அதே மரியாதை.

"அத்தை, எங்க ஊர்ல நேத்து பனி வந்தாக. இடுப்பு வரைக்கும் வந்தாக."

"பனி வந்துச்சுன்னு சொல்லணும்த்தா" என்று அம்மா திருத்திப் பார்த்தாள்.

"அவுக வந்தா ஊரே அடங்கி ஒக்காரணும் அத்தை. அவுகளைப் போய் வந்துச்சுன்னு சொல்றதா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பனி வந்தாகதான்.

மதினி இமாச்சலத்தில் லாஹௌல் பக்கம். அண்ணன் அங்கே மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போட்ட காலத்தில் மின்சார வேலைக்குப் போனவன். குடியிருந்தது அவள் வீட்டு மாடியில். சுரங்கம் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. இப்போது அவர்கள் சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார்கள். அதற்கு நாலு கடை தள்ளி என் மருந்துக்கடை. முறைக்கு மதினி என்றாலும் வயதில் என்னைவிட இளையவள். அதனால் எங்களுக்குள் வா, போதான்.

வந்த முதல் வருஷம் அவளை மேகமலைக்குக் கூட்டிப்போனேன். சின்னமனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கீழே பள்ளத்தாக்கைக் காட்டினேன். தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், நெல் வயல் எல்லாம் பாய் விரித்தமாதிரிக் கிடந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். தேயிலைச் சரிவுகள் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ஒரு சரிவின் உச்சியில் விரலை வைத்தாள். விரல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து கீழே இறங்கியது.

"என்ன மதினி செய்யுற?"

"எறங்குறேன்" என்றாள். "இங்கன பனி இருந்தா இப்படித்தான் எறங்குவேன். அந்தா அந்தச் சரிவு கூடாது, ரொம்பச் செங்குத்து, பனி பிச்சுக்கிட்டு வரும். இது நல்ல சரிவு. ஆகா, என்னா சரிவு!"

தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மதினியின் முகம் அன்று இருந்த விதத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கால்களில் நீளமான ஸ்கீ பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் வழுக்கி இறங்குவதை டிவியில் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக்குள் அதைச் செய்கிற ஒருத்தி சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"எனக்குச் சொல்லித் தருவியா?"

"பங்குனிக்கு எங்க ஊருக்கு வா. மார்கழிப் பனி மாவு மாதிரி, புதுசா கத்துக்கிறவுகளை முழுங்கிரும். பங்குனிப் பனிதான் நல்லது. ராத்திரி இறுகும், காலையில எளகும். அதுல யாரு வேணும்னாலும் எறங்கலாம்."

போவது என்று முடிவானதும் அம்மாவும் கிளம்பினாள். சம்பந்தி வீட்டை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை என்பது அவள் சொன்ன காரணம். பனியைப் பார்க்கும் ஆசைதான் உண்மையான காரணம். திராட்சை வெட்டு நேரம் என்பதால் அண்ணன் வரவில்லை. இரண்டு கடைகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

டிக்கெட் போட்ட பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. பனிக்காலம் முடிகிற நேரத்தில் அங்கே திரும்பவும் கொட்டத் தொடங்கியது. சுரங்கப் பாதை திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டி மதினி ஊருக்குப் போகிற ரோட்டைப் பனி மூடிக்கொண்டது. மதினியின் தம்பி பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறவன். தினமும் காலையில் வீடியோ அனுப்புவான். ஒரு மஞ்சள் இயந்திரம் வெள்ளைச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கும். இரண்டு ஆள் உயரச் சுவர். நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்ட அந்தப் போனைப் பார்ப்போம்.

"அந்த வளைவு வரைக்கும் வெட்டிட்டாக அத்தை."

"நேத்தும் அங்கனதான நின்னாக?"

"நேத்து வெட்டினதுல பாதியை ராத்திரி பனி மூடிட்டாக."

அம்மா போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லுவாள். பக்கத்து வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும். ஒரு வாரத்தில் எங்கள் தெருவே லாஹௌல் ரோட்டைக் காவல் காக்கத் தொடங்கிவிட்டது. பால் ஊற்ற வந்தவர், வாழைத்தார் ஏற்றப் போகிறவர், என் கடைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி. "என்ன தாயி, ஒங்க சம்பந்தி ஊர்ல ரோடு தெறந்துட்டாகளா?" வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நான் பனி அளவு சொல்லிக்கொண்டிருப்பேன்.

திறக்காமலேயே கிளம்பினோம். மதுரையில் விமானம் ஏறி, டெல்லியில் பஸ் பிடித்து, மணாலி போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு விடுதி அறையில் காத்திருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் மதினியின் போன் அடித்தது. அவள் எடுத்துக் கேட்டாள். கட்டிலின் மேல் ஏறி நின்று குதித்தாள்.

"தெறந்துட்டாக! நாலு சக்கரமும் இழுக்குற வண்டிக்கு மட்டும் தெறந்துட்டாக!"

அம்மா உடனே தன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டி வருவதற்கு அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா உட்காரவே இல்லை.

சக்கரத்தில் சங்கிலி சுற்றிய ஜீப்பில் போனோம். சுரங்கத்துக்குள் நுழையும்போது வெளியே தேவதாரு மரங்களும் பச்சையும் தெரிந்தன. சுரங்கம் முழுக்க மதினி ஒவ்வொரு விளக்கையும் காட்டி "இது ஒங்க மகன் மாட்டினது, இதும் ஒங்க மகன் மாட்டினது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கம் வெளியே வந்தோம். பச்சை என்பதே இல்லை. வெள்ளையும் நீலமும்தான். கண் கூசியது. சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

ஊருக்குப் பாதி வழியில் ஓர் இடத்தில் பனி மறுபடி சரிந்து ரோட்டில் விழுந்திருந்தது. இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. ஜீப் அதற்கு மேல் போகாது. இந்தப் பக்கம் இறங்கி, வெட்டின சந்து வழியாக நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வேறு ஜீப்பில் ஏற வேண்டும். அம்மா சேலைக்குள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே அண்ணனின் பழைய கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் நிற்க, நடுவில் நடந்து போனாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள்.

"ஆத்தா! ஐஸ் பெட்டிக்குள்ள தெரு போட்டு வச்சிருக்காக!"

மதினியின் அம்மாவும் தம்பியும் அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். இரண்டு சம்பந்திகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரவர் பாஷையில் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் திரும்பி வரும்வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஒருத்தர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று கேட்டால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள்.

மதினி எனக்கு முதலில் வீட்டுக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்கு வயலில் பயிற்சி கொடுத்தாள். வயல் எங்கே, வரப்பு எங்கே என்று தெரியாத வெள்ளைச் சரிவு. முதல் நாள் விழுந்தேன். விழுந்தேன் என்று ஒரு தடவை சொன்னால் போதாது. எழுந்து நின்றதைச் சொல்வதுதான் சுலபம். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து, கால்களை ஆப்பு மாதிரி வைத்தால் வேகம் குறையும். அது பிடிபட்ட அன்று வயலின் மேல் மூலையிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் விழாமல் வந்தேன். திண்டாடித்தான் வந்தேன், ஆனால் வந்துவிட்டேன். மாட்டுக் கொட்டகை வாசலில் நின்ற மதினியின் அம்மா கை தட்டினாள்.

"நாளைக்கு மலைக்குப் போவோம்" என்றாள் மதினி.

நாளைக்குப் போகவில்லை. அன்று இரவு மேகம் மூடியிருந்தது. மேகம் இருந்தால் குளிர் மேலே போகாமல் தங்கிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மேகம் போர்வை மாதிரி. சூடு வெளிய போகாது. பனி இறுகாது. இறுகாத பனியில கால் வச்சா முழங்கால் வரைக்கும் எறங்கும். சரிவும் நிக்காது, கழண்டுக்கிட்டு வரும்." வானம் சுத்தமாக இருந்து நட்சத்திரம் தெரிந்தால்தான் போகலாம். அடுத்த நாளும் மேகம். அதற்கடுத்த நாளும்.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பதுபோலப் பனியைக் குத்திப் பார்ப்பாள். குச்சி சொத்தென்று உள்ளே போகும். "இன்னைக்கும் வேகலை" என்று வந்து உட்காருவாள்.

ஒரு நாள் காலை அவள் கத்தின கத்தலில் வீடே எழுந்தது.

"ஏத்தா! குச்சி எறங்கலை! குச்சி ஒடிஞ்சு போச்சு!"

வெளியே ஓடினேன். வானம் கழுவிவிட்டமாதிரி இருந்தது. முற்றத்துப் பனி தரையைப் போல இறுகிக் கிடந்தது. நான் அதன்மேல் நடந்தேன். பள்ளம்கூட விழவில்லை.

மதினி, அவள் தம்பி, நான் மூன்று பேரும் கிளம்பினோம். ஸ்கீயின் அடியில் ஒரு நீளமான ரோமத் துணியை ஒட்டினார்கள். முன்னால் போகும்போது வழுக்கும், பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அதை ஒட்டிக்கொண்டால் மலை ஏறலாம். தம்பி என் நெஞ்சில் ஒரு சிறிய கருவியைக் கட்டினான். பனிக்குள் புதைந்துபோனால் அது கொடுக்கும் சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்களாம். முதுகுப் பையில் ஒரு மண்வெட்டி. அதை மாட்டிக்கொண்டு வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "பயப்படணும். பயப்படலைன்னாதான் நான் ஒன்னையக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றாள்.

கிழக்கைப் பார்த்த சரிவு. சாய்வு அதிகமில்லாதது என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு மேகமலை ரோட்டை நேராக நிமிர்த்தி வைத்ததுபோல இருந்தது. சர்க், சர்க் என்று ஏறினோம். மூச்சு வாங்கியது, நாக்கு வறண்டது, ஆனால் கால் நிற்க மறுத்தது. ஒவ்வொரு மேட்டைத் தாண்டியதும் புதிதாக ஒரு சிகரம் எட்டிப் பார்த்தது. முதலில் உச்சியில் வெயில் விழுந்தது. பிறகு எங்கள் மேல் விழுந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கலாம் என்று நினைத்தேன். மதினி என்னை உட்காரவைத்தாள்.

"இப்ப இது கல்லு. எறங்கினா பல்லு போயிரும். எளகட்டும்."

அடியில் ஒட்டின துணியை உரித்தோம். ரொட்டி தின்றோம். தேநீர் குடித்தோம். அவள் அடிக்கடி எழுந்துபோய்க் கைத்தடியின் முனையால் பனியைத் தட்டிப் பார்த்தாள். "இன்னும் இல்ல." திரும்பவும் தட்டினாள். "இன்னும் இல்ல." எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கீயை மாட்டிக்கொண்டு நின்றேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். பிறகு அவள் தட்டியபோது சத்தம் மாறியது. டக் என்றிருந்தது சரக் என்று ஆயிற்று. குனிந்து ஒரு கை அள்ளினாள். கல்லுப்புப் போல மணி மணியாக உள்ளங்கையில் உருண்டது.

"இப்ப! இப்ப! வா, வா! இந்தப் பதம் ரொம்ப நேரம் நிக்காது!"

அவள் போனாள். மேகமலையில் அவள் விரல் போன மாதிரியே போனாள். நான் கால்களை ஆப்பாக வைத்து, முழங்காலை மடக்கி, "ஆத்தா மாரியாத்தா" என்று முனகிக்கொண்டே அவள் பின்னால் இறங்கினேன். அடியில் பனி மணிகள் ஸ்ஸ்ஸ் என்று சீறின. பலகை கேட்ட பக்கம் திரும்பியது. இடது காலை அழுத்தினேன், வலது பக்கம் திரும்பியது. என் உடம்புக்கு இது தெரிந்திருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை! கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தம்பி பின்னாலிருந்து இந்தியில் ஏதோ கத்தினான், மெதுவாகப் போ என்று சொல்லியிருக்க வேண்டும். பாதி வழியில் உருண்டேன். குல்லாய் ஒரு பக்கம், தடி ஒரு பக்கம் போயிற்று. வாய் நிறையப் பனி. சிரித்துக்கொண்டே எழுந்தேன். மீதியைச் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

கீழே வந்து மதினியைக் கட்டிப்பிடித்தேன். "இன்னொருதரம் ஏறுவோம் மதினி, ஒரே ஒரு தரம்!"

"முடியாது. இனிமே பனி கூழாயிரும். இன்னைக்கு அவுக இம்புட்டுக் குடுத்தது போதும்."

ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தோம். வீடு கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம். எதிர் மலையின் பள்ளம் ஒன்றில் பனி புகையைக் கிளப்பிக்கொண்டு வழிந்து இறங்கியது. அடிவாரத்து ரோட்டின் மேல் போய்க் குவிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

மதினி ஸ்கீயைக் கீழே போட்டாள். "அத்தையும் அம்மாவும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அன்று காலை சம்பந்திகள் இருவரும் அடுத்த ஊரில் பிள்ளை பெற்றிருந்த உறவுக்காரப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ரோட்டில்தான் வர வேண்டும்.

ஓடினோம். போனில் சிக்னல் இல்லை. வீட்டில் யாரும் இல்லை. ரோட்டுக்கு ஓடினோம். குவியலுக்கு முன்னால் ஒரு வளைவில் தம்பி எங்களைக் கையை விரித்து மறித்தான். இன்னும் மேலிருந்து வரும், ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்றான். குவியல் வீட்டு உயரம் இருந்தது, அழுக்கு வெள்ளையாக, கட்டிக் கட்டியாக. நான் அதையே பார்த்தேன். சற்று முன்பு என் வாய் நிறைய இருந்த அதே பனி. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினி என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குவியலுக்கு அந்தப் பக்கம், தூரத்து வளைவில், ஒரு மாம்பழ நிறம் தெரிந்தது. அந்த நாட்டில் அந்த நிறத்தில் வேறெதுவும் கிடையாது. அம்மாவின் சேலை. முந்தானையை உருவிக் கொடிபோல ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மதினியின் அம்மா. அம்மா என்னவோ கத்தினாள், கேட்கவில்லை. மதினி திரும்பக் கத்தினாள். "அங்கனயே இருங்க அத்தை! அங்கனயே இருங்க!" கத்தி முடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். தம்பி மட்டும் அழாமல் குளிர்க்கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் பனி இறுகியிருந்த நேரம் பார்த்து, தம்பி மண்வெட்டியால் குவியலில் படி வெட்டினான். நாங்கள் ஏறி அந்தப் பக்கம் போனோம். அம்மா குளித்து, பொட்டு வைத்து, யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டில் தயாராக நின்றிருந்தாள்.

"ஏத்தா, அழுதியா? எதுக்கு? நாங்க அப்பவே கெளம்பியிருப்போம். அந்தப் புள்ளை பெத்தவ மாமியா, இன்னொரு டீ குடிச்சுட்டுத்தான் போகணும்னு கையைப் பிடிச்சுக்கிட்டாக. அது உப்பு டீ, வெண்ணெய் போட்டது. மூணு தரம் ஊத்துனாக. மறுக்க முடியுதா? குடிச்சு முடிக்கிறதுக்குள்ள டமார்னு சத்தம்."

குவியலின் உச்சியில் அவளைக் கைப்பிடித்து ஏற்றினோம். அங்கே நின்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். பிறகு எங்களைக் கேட்காமல் உட்கார்ந்தாள், கோட்டைக் கால்களுக்கு அடியில் செருகிக்கொண்டாள், வீட்டுப் பக்கச் சரிவில் வழுக்கிக்கொண்டு போய்விட்டாள். கீழே போய்ச் சேர்ந்து எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு எங்களை அண்ணாந்து பார்த்தாள்.

"வாங்களேன்! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

நாங்கள் ஊர் திரும்பவும் அதே ரோடுதான். இயந்திரம் வந்து அதைத் திறக்க இன்னும் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் இரண்டு காலை பனி நன்றாக இறுகியது. இரண்டு காலையும் நானும் மதினியும் ஏறினோம். இரண்டாவது தரம் ஒருமுறைகூட விழாமல் இறங்கினேன்.

சொன்ன நாளைத் தாண்டித்தான் ஊர் வந்து சேர்ந்தோம். அண்ணன் என் கடையில் மாத்திரைகளைத் தன் குழாய்க் கடை முறையில் அடுக்கி வைத்திருந்தான். அதைச் சரிசெய்யவே ஒரு நாள் ஆயிற்று. அம்மா வந்த அன்று சாயங்காலமே வாசலில் ஆள் கூடிவிட்டது. உப்பு டீயில் தொடங்கி, டமார் சத்தம், சேலைக் கொடி, வழுக்கி இறங்கியது என்று அம்மா சொல்லச் சொல்ல, தெரு வாய் பிளந்து கேட்டது. கடைசியில் யாரோ என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போயிருந்தியா தாயி?" என்று கேட்டார்கள்.

"போயிருந்தாக" என்றாள் மதினி.